புயல் இரவில் ஹேண்டி: பேட்டரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெச்சூர் ரேடியோ உரிமம் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் வாங்குவது கையில் அடங்கும் ஒரு வாக்கி-டாக்கி. ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், அதை ஹேண்டி என்பார்கள். சாதாரண நாளில் அதன் பேட்டரியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இரவில் சார்ஜரில் வைத்தால் காலையில் நிரம்பியிருக்கும். கவலை வருவது மின்சாரம் போன பிறகுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போனும் ஒன்றாகப் போயின. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட நேரத்தில் ஹேண்டி எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கும் என்பது ஒரு தெருவுக்கே முக்கியமான விஷயம். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஹேண்டியில் சார்ஜ் எதில்தான் அதிகமாகப் போகிறது?

பேசும்போது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐந்து வாட் ஹேண்டி ஒன்றில் பிடிடி பொத்தானை அழுத்திப் பேசும்போது ஏறக்குறைய 1,500 மில்லிஆம்ப் கரண்ட் இழுக்கும். ஸ்பீக்கரில் யாராவது பேசுவதைக் கேட்கும்போது 150 மில்லிஆம்ப் அளவில் இருக்கும். யாரும் பேசாமல் ரேடியோ சும்மா காத்திருக்கும்போது, பேட்டரி சேவர் போட்டிருந்தால், 40 மில்லிஆம்ப் அளவுதான். மாடலுக்கு மாடல் இந்த எண்கள் கூடும், குறையும். ஆனால் விகிதம் இதே மாதிரிதான் இருக்கும்.

இதை வேறு மாதிரி பார்க்கலாம். முழு பவரில் ஒரு நிமிடம் பேசினால் 25 எம்ஏஎச் (மில்லிஆம்ப்-மணி, பேட்டரியில் உள்ள சார்ஜின் அளவு) போகிறது. அதே 25 எம்ஏஎச் இருந்தால் காத்திருப்பில் 37 நிமிடம் ரேடியோவைத் திறந்து வைத்திருக்கலாம். இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டால் கீழே உள்ளதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

பெட்டியில் 12 மணி நேரம், 15 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. எனக்கு ஐந்து மணி நேரம்கூட நிற்கவில்லை. ரேடியோ பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. கம்பெனிகள் அந்த நேரத்தை 5-5-90 என்ற கணக்கில் சொல்கின்றன. அதாவது 100 நிமிடத்தில் 5 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் கேட்பு, 90 நிமிடம் சும்மா இருப்பது. 1,800 எம்ஏஎச் பேட்டரிக்கு மேலே சொன்ன எண்களைப் போட்டுப் பாருங்கள். சராசரி 118 மில்லிஆம்ப் அளவில் வரும், 15 மணி நேரம் ஓடும். பெட்டியில் உள்ளது பொய் இல்லை.

ஆனால் வெள்ள நேரத்தில் ஒரு நெட் (ஒருவர் முறைப்படுத்த, பலர் ஒரே அலைவரிசையில் செய்தி பரிமாறும் ஏற்பாடு) ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் ஒரு நிவாரண முகாமிலிருந்து செய்தி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நேரத்தில் 20 சதவீதம் நீங்கள் பேசுவீர்கள், 40 சதவீதம் மற்றவர்கள் பேசுவதைக் கேட்பீர்கள். சராசரி 376 மில்லிஆம்ப் ஆகிவிடும். அதே பேட்டரி ஐந்து மணி நேரத்துக்குள் இறங்கிவிடும்.

இப்போது அதே ஆள், அதே இடம், பவரை மட்டும் ஒரு வாட்டுக்கு இறக்குகிறார். பேசும்போது கரண்ட் 700 அளவுக்கு வரும். பேட்டரி எட்டு மணி நேரத்தைத் தாண்டும். அதோடு தன் பேச்சைப் பாதியாகச் சுருக்கினால் 12 மணி நேரம் வந்துவிடும். புது பேட்டரி எதுவும் வாங்கவில்லை, பழக்கம்தான் மாறியிருக்கிறது.

ஒரு வாட்டுக்கு இறக்கினால் என் குரல் எட்டுமா?

நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே எட்டும். ஐந்து வாட்டுக்கும் ஒரு வாட்டுக்கும் வித்தியாசம் 7 டெசிபெல். எதிர்முனையில் இருப்பவரின் எஸ்-மீட்டரில், அதாவது சிக்னலின் பலத்தைக் காட்டும் அளவியில், அது ஒரு புள்ளியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். எஃப்எம்மில் இன்னொரு வசதியும் உண்டு. சிக்னல் ஒரு அளவைத் தாண்டிவிட்டால் பின்னணி இரைச்சல் முழுதாக அடங்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு பவர் கொடுத்தாலும் குரல் இன்னும் தெளிவாகப் போவதில்லை, பேட்டரிதான் சூடாகும்.

அதனால் முதலில் குறைந்த பவரில் கூப்பிடுங்கள். "என் குரல் எப்படி வருகிறது?" என்று கேளுங்கள். இரைச்சல் இருக்கிறது, வார்த்தை விட்டுப்போகிறது என்று பதில் வந்தால் மட்டும் ஏற்றுங்கள். பக்கத்தில் ரிப்பீட்டர் (உயரத்திலிருந்து உங்கள் சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) இருந்தால் பெரும்பாலும் ஏற்றவே வேண்டியிருக்காது. தேவையான அளவுக்கு மேல் பவர் போடக்கூடாது என்பது அமெரிக்க அமெச்சூர் விதிகளில் எழுத்தில் உள்ள சட்டம். நமக்கும் அது நல்ல பழக்கம்.

பவர் ஐந்தில் ஒன்றானால் பேட்டரி ஐந்து மடங்கு நிற்குமா?

நிற்காது. இதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். ஒரு வாட்டில் கரண்ட் ஏறக்குறைய பாதியாகத்தான் குறையும். பவர் டிரான்சிஸ்டர் குறைந்த பவரில் அத்தனை திறமையாக வேலை செய்யாது. ரேடியோவின் மற்ற பாகங்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். பவரை இறக்குவது முதல் படி. பேச்சைச் சுருக்குவது அடுத்த படி.

ஆன்டெனாவுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பேட்டரி நிற்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது ஆன்டெனாவைத்தான்.

ஹேண்டியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா வசதிக்காகச் செய்தது. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீள ஆன்டெனா ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அதைச் சுருளாகச் சுற்றி 15 சென்டிமீட்டருக்குள் அடக்கினால், ரேடியோ கொடுக்கும் பவரில் நல்ல பங்கு வெளியே போகாமல் வீணாகும். பேட்டரியிலிருந்து ஐந்து வாட்டுக்கான விலையைக் கொடுத்துவிட்டு, காற்றில் அதில் ஒரு பகுதியைத்தான் விடுகிறோம். நல்ல ஆன்டெனா போட்டு ஒரு வாட்டில் பேசினால், ரப்பர் ஆன்டெனாவில் ஐந்து வாட் கொடுத்த அதே குரல் போய்ச்சேரும். கேட்பதும் மேம்படும். பவரை ஏற்றுவதால் கிடைக்காத லாபம் அது.

செலவே இல்லாத ஒரு வழியிலிருந்து தொடங்குங்கள். 50 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு மெல்லிய ஒயரை வெட்டி, அதன் ஒரு முனையை ஆன்டெனா கனெக்டரின் வெளி உலோகப் பகுதியில் தொடும்படி மாட்டி, மீதியைக் கீழே தொங்கவிடுங்கள். ஹாம்கள் இதைப் புலிவால் என்பார்கள். ஆன்டெனாவுக்கு இல்லாத மறுபாதியை இந்த ஒயர் கொடுக்கிறது. உள் முனையில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

அடுத்தது, இழுத்து நீட்டும் அரை அலை ஆன்டெனா. பைக்குள் வைத்துக்கொள்ளலாம். நின்ற இடத்திலிருந்து பேசும்போது மாட்டலாம். நடக்கும்போது வேண்டாம். கனெக்டர் ஒடிந்துவிடும்.

மூன்றாவது, என் மனசுக்கு நெருக்கமானது, சுருட்டி வைக்கும் ஜே-போல், அதாவது ஆங்கில ஜே எழுத்து வடிவ ஆன்டெனா. தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடி ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு இறங்கிய 300 ஓம் தட்டை ஒயர் ஞாபகம் இருக்கிறதா? பழைய எலக்ட்ரிக்கல் கடைகளில் தேடினால் இன்றும் கிடைக்கும். அதில் ஏறக்குறைய 1.4 மீட்டர் இருந்தால் 2 மீட்டர் அலைவரிசைக்கு (மேலே சொன்ன 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒரு ஜே-போல் செய்துவிடலாம். சற்று நீளமாக வெட்டிக்கொண்டு, எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டுவது) பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்துச் சரிசெய்யவேண்டும். முடிந்ததும் அது உள்ளங்கைக்குள் சுருண்டுவிடும். தேவைப்படும்போது வேப்பமரக் கிளையிலோ ஜன்னல் கம்பியிலோ நைலான் கயிற்றால் தொங்கவிட்டால் போதும். ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கேபிளை மட்டும் நீளமாக விடாதீர்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் 5 மீட்டருக்கே ஒரு டெசிபெல் அளவு போய்விடும்.

எங்கே நின்று பேசினால் நல்லது?

மாடிக்குப் போங்கள். ஹேண்டி பயன்படுத்தும் விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். தெருவில் நின்றால் ஆன்டெனா 1.5 மீட்டரில் இருக்கும், அடிவானம் 5 கிலோமீட்டர். நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் 13 மீட்டர் என்று வைத்தால் 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்த வித்தியாசத்தை எந்தப் பேட்டரியாலும் வாங்க முடியாது. இடி மின்னல் இருக்கும்போது மட்டும் மாடிக்குப் போகவே கூடாது. இடி மின்னல் முழுதாக அடங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம்.

மாடிக்குப் போக முடியாவிட்டால் ஜன்னல் பக்கம் வாருங்கள். கான்கிரீட் சுவரும் இரும்புக் கம்பியும் சிக்னலைத் தின்றுவிடும். ரேடியோவை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு வெளி மைக்கில் பேசாதீர்கள். உடம்பு பெருமளவு பவரை விழுங்கிவிடும். முகத்துக்கு முன்னால், ஆன்டெனா செங்குத்தாக இருக்கும்படி பிடியுங்கள். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனாவோடு சாய்ந்த ஆன்டெனா சரியாக ஒத்துப்போகாது.

பேட்டரி சேவர் என்று மெனுவில் ஒன்று இருக்கிறதே, அது என்ன செய்கிறது?

ரிசீவரைக் கண் மூடித் திறக்க வைக்கிறது. ஒரு கணம் விழித்து அலைவரிசையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சில கணங்கள் தூங்கும், பிறகு மறுபடி விழிக்கும். பாவோஃபெங் யூவி-5ஆர் போன்ற செட்களில் இது மூன்றாம் எண் மெனு. 1 முதல் 4 வரை வைக்கலாம். எண் கூடக் கூடத் தூக்கம் அதிகம்.

இதற்கு ஒரு விலை உண்டு. கூப்பிடுகிறவரின் முதல் சொல் காதில் விழாமல் போகலாம். அதனால் எல்லோரும் பழகவேண்டிய ஒன்று: பிடிடியை அழுத்தியதும் உடனே பேசாதீர்கள். ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள். எதிர்முனையில் தூங்குகிற ரேடியோ விழித்துக்கொள்ளும், ரிப்பீட்டரும் திறந்துவிடும். "செய்தியைத் திரும்பச் சொல்லுங்கள்" என்ற கோரிக்கை குறைந்தால் இரண்டு பேரின் பேட்டரியும் மிச்சம்.

ஏபிஆர்எஸ் (இருப்பிடத்தையும் குறுஞ்செய்தியையும் ரேடியோவில் அனுப்பும் முறை), பாக்கெட் போன்ற டேட்டா வேலைகளுக்கு மட்டும் சேவரை அணைத்துவிடுங்கள். அந்தச் செய்திகள் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். தூங்குகிற ரிசீவர் அவற்றைத் தவறவிடும்.

வேறு எந்த செட்டிங்குகளை மாற்றவேண்டும்?

டூயல் வாட்ச் முதலில். இரண்டு அலைவரிசைகளை மாறி மாறிப் பார்ப்பதால் ரிசீவருக்குத் தூங்க நேரமே கிடைப்பதில்லை. ஸ்கேனும் அதே கதை. ஒரு புயல் இரவில் இரண்டையும் கவனிக்கலாம் என்று டூயல் வாட்ச் போட்டு வைத்திருந்தேன். ஒரு அலைவரிசையில் இரவு முழுக்க ஏதோ குறுக்கீடு ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரை அடைத்துவைக்கும் வசதி) திறந்துகொண்டே இருந்தது. விடியும் முன் பேட்டரி இறங்கிவிட்டது. காலையில் முதல் செய்தி வந்தபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அவசர நேரத்தில் ஒரே அலைவரிசைதான்.

ஸ்குவெல்ச்சை இரைச்சல் நிற்கும் அளவுக்குச் சற்று மேல் வையுங்கள். குழுவில் எல்லோரும் டோன் (பேச்சோடு சேர்த்து அனுப்பும் அடையாள ஒலி) பயன்படுத்தினால் இன்னும் நல்லது. தேவையில்லாத சத்தத்துக்கு ஸ்பீக்கர் திறக்காது. காதில் இயர்போன் போட்டால் ஸ்பீக்கருக்கான கரண்டும் குறையும், முகாமில் தூங்குகிறவர்களுக்கும் தொந்தரவு இல்லை.

குரல் கேட்டதும் தானாகவே ஒலிபரப்பத் தொடங்கும் வாக்ஸ் வேண்டாம். நீங்கள் இருமினாலும் ரேடியோ பேச ஆரம்பித்துவிடும். டிஸ்ப்ளே விளக்கைக் குறைந்த நேரத்துக்கு வையுங்கள். பீப் சத்தத்தை அணையுங்கள். இவையெல்லாம் சில்லறை மிச்சம்தான்.

குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தொடர்ந்து பேசினால் ஒலிபரப்பை நிறுத்திவிடும் டைம்-அவுட் டைமர் சில்லறை இல்லை. ரேடியோ பைக்குள் நசுங்கி பிடிடி அழுந்தி நின்றுவிட்டால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் பேட்டரி காலி. மற்றவர்களும் பேச முடியாது. பல செட்களில் கீபேட் லாக் போட்டாலும் பிடிடி பூட்டாது. டைமரை ஒன்று அல்லது இரண்டு நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள்.

பேச்சை எப்படிச் சுருக்குவது? செய்தி என்றால் சொல்லித்தானே ஆகவேண்டும்?

எழுதிவைத்துப் பேசுங்கள். அழுத்திவிட்டு யோசிப்பதுதான் பேட்டரிக்கு எதிரி. "அது வந்து... ஒரு நிமிஷம்... இங்கே எத்தனை பேர் என்று பார்த்துச் சொல்கிறேன்" என்று பிடிடியை விடாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடம் 37 நிமிடக் காத்திருப்பைச் சாப்பிட்டுவிட்டது.

ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கிருந்து, யாருக்கு, எத்தனை பேர், என்ன வேண்டும். "முகாம் பள்ளிக்கூடம். பெரியவர்கள் நாற்பது, குழந்தைகள் பன்னிரண்டு. குடிநீர் தேவை. இன்சுலின் ஒருவருக்குத் தேவை. ஓவர்." பதினைந்து விநாடிகூட ஆகாது. எதிர்முனையில் எழுதுகிறவருக்கும் இந்த வேகம் வசதி. எண்களை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தவறாகப் போன எண்ணைச் சரிசெய்ய ஆகும் பேச்சு அதைவிட நீளம்.

வணக்கம், நலமா, அங்கே மழை எப்படி என்பதெல்லாம் மின்சாரம் வந்த பிறகு மனம் நிறையப் பேசிக்கொள்ளலாம்.

எப்போதும் ரேடியோவைத் திறந்தே வைத்திருக்க வேண்டுமா?

தேவையில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பது என்று ஒப்புக்கொண்டால். அமெரிக்காவில் மலையேறும் ஹாம்களிடம் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது 7, 10, 1, 4, 7 மணிக்கு, ஐந்து நிமிடம் பொது அலைவரிசையைக் கேட்பார்கள். உதவி தேவைப்படுகிறவர் அந்த நேரத்தில் கூப்பிட்டால் யாராவது கேட்க வாய்ப்பு அதிகம். அவர்கள் பயன்படுத்தும் 146.52 மெகாஹெர்ட்ஸ் இந்தியாவில் நமக்கு இல்லை. நம் 2 மீட்டர் அலைவரிசை 144 முதல் 146 வரைதான். ஆனால் ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று மணி நேரத்தில் ஐந்து நிமிடம் என்றால் நேரத்தில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. ஒரே பேட்டரியில் பல நாட்கள் போகும். வெள்ள நேரத்தில் மூன்று மணி நேர இடைவெளி அதிகம். ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வது என் பரிந்துரை. நெட் நடத்துகிற நிலையம் மட்டும் பெரிய பேட்டரியோடு எப்போதும் திறந்திருக்கட்டும். இதைப் புயலுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். புயல் வந்த பிறகு ஏற்பாடு சொல்லவும் பேட்டரிதான் செலவாகும். கைக்கடிகாரத்தின் நேரத்தையும் எல்லோரும் முன்பே ஒத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பேட்டரி வாங்கலாமா? 3,800 எம்ஏஎச் என்று விற்கிறார்களே?

வாங்கலாம். ஆனால் ஒரு பெரிய பேட்டரியைவிட இரண்டு சாதாரண பேட்டரிகளையே நான் விரும்புவேன். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். ஒன்று சார்ஜாகும்போது மற்றதில் பேசலாம்.

லேபிளை மட்டும் நம்பாதீர்கள். லித்தியம் செல்களில் 18650 என்று ஓர் அளவு உண்டு. நல்ல கம்பெனிகள் செய்யும் அந்த அளவு செல்லில் உச்சமே 3,500 எம்ஏஎச் பக்கம்தான். அதே அளவில் 9,900 என்று எழுதி விற்றால் அது பொய். போலிச் செல் எடையில் லேசாக இருக்கும். கையில் வைத்தாலே பல நேரம் தெரிந்துவிடும்.

முழுதாக இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் போடவேண்டும் என்கிறார்களே?

அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளுக்குச் சொன்னது. இப்போதைய ஹேண்டிகளில் இருப்பது பெரும்பாலும் லித்தியம்-அயன். அதை முழுதாக இறக்குவது கெடுதல். பாதியில் சார்ஜ் போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை.

லித்தியத்துக்கு உண்மையான எதிரிகள் இரண்டு: வெப்பமும், முழு சார்ஜோடு மாதக்கணக்கில் கிடப்பதும். இரண்டும் சேர்ந்தால் சீக்கிரமே கொள்ளளவு குறையும். கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் ரேடியோவை விட்டுப் போகாதீர்கள். உள்ளே 60 டிகிரியைத் தாண்டிவிடும். வெயிலில் சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடவும் வேண்டாம். ஆறட்டும்.

எடுத்துவைக்கும் பேட்டரியைப் பாதி சார்ஜில், ரேடியோவிலிருந்து கழற்றி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். சில ரேடியோக்கள் அணைத்த பிறகும் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். "அவசரத்துக்கு என்றால் நிரப்பி வைக்கவேண்டாமா?" என்று கேட்பீர்கள். புயலைப் பொறுத்தவரை நமக்கு நேரம் கிடைக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 72 மணி நேரத்துக்கு முன்பே முன்கவனிப்பு அறிவிப்பும், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் புயல் எச்சரிக்கையின் இரண்டாம் கட்டமும் வெளியிடும். அது வந்ததும் எல்லாவற்றையும் நிரப்பிவிடலாம். சுனாமிக்கு அந்த அவகாசம் கிடையாது. 2004 டிசம்பர் 26 காலை போர்ட் பிளேரில் வியூ4ஆர்பிஐ என்ற அழைப்புக்குறியோடு ஒரு ஹாம் குழு ஏற்கெனவே நிலையம் அமைத்திருந்தது. வேறொரு நோக்கத்துக்காகப் போன அவர்கள்தான் சில மணி நேரத்தில் தீவுகளிலிருந்து செய்தி அனுப்புகிறவர்களாக மாறினார்கள். அதனால் ஒரு பேட்டரியை மட்டும் எப்போதும் நிரப்பியே வைத்திருங்கள். அது சீக்கிரம் வயதாகும். பரவாயில்லை, இரண்டு மூன்று வருடத்தில் மாற்றிவிடலாம்.

கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை பேட்டரியின் உலோகத் தொடுமுனைகளைத் துடையுங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும்.

ஏஏ செல் போடும் கேஸ் வாங்கி வைக்கலாமா?

உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் கட்டாயம் ஒன்று வாங்குங்கள். யேசு எஃப்டி-60 போன்றவற்றுக்கு ஆறு செல் போடும் கேஸ் உண்டு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், மின்சாரமே இல்லாத ஊரிலும்.

சாதாரண அல்கலைன் செல் ஒன்றரை ஆம்பியரைத் தாங்காது, வோல்டேஜ் சரிந்துவிடும். குறைந்த பவரில் மட்டும் பேசுங்கள். திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்கள் அதிக கரண்டை நன்றாகவே கொடுக்கும். அவற்றில் 2005இல் வந்த எனிலூப் வகையைத் தேர்ந்தெடுங்கள். சும்மா கிடந்தாலும் சார்ஜ் எளிதில் வடியாது.

பவர் பேங்க், இன்வெர்ட்டர், பைக் பேட்டரி இவற்றிலிருந்து ஓட்டலாமா?

ஓட்டலாம், வோல்டேஜ் தெரிந்து செய்தால்.

பவர் பேங்க் 5 வோல்ட் கொடுக்கும். ஹேண்டி பேட்டரி நிரம்பும்போது 8.4 வோல்ட். அதனால் நடுவில் வோல்டேஜை ஏற்றும் கேபிள் வேண்டும், அல்லது டைப்-சி துளை உள்ள பேட்டரி வேண்டும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் உண்மையில் 37 வாட்-மணி இருக்கிறது. 1,800 எம்ஏஎச் ஹேண்டி பேட்டரியில் 13 வாட்-மணி. வழியில் வீணாவது போக, ஏறக்குறைய இரண்டு முறை நிரப்பலாம். போனுக்கும் அதே பவர் பேங்க் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி மிக நல்ல துணை. பாதி வரை பயன்படுத்தினாலே மூன்று ஹேண்டி பேட்டரி அளவு சக்தி கிடைக்கும். எஃப்டி-60 போன்றவற்றில் 12 வோல்ட்டை நேரடியாக வெளித் துளையில் கொடுக்கலாம். வெளித் துளை இல்லாத செட்களுக்கு பேட்டரிக்குப் பதிலாக மாட்டும் எலிமினேட்டர் என்ற டப்பா கிடைக்கும். கார் லைட்டர் துளையில் செருகி ஓட்டலாம். பேட்டரியின் தொடுமுனையில் 12 வோல்ட்டை நேராகக் கொடுக்கவே கூடாது. லித்தியம் தீப்பிடிக்கும்.

வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் ஹேண்டிக்கு அது கடல். மின்விசிறியை அணைத்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகி எல்லாவற்றையும் நிரப்பி முடித்ததும் இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள். சும்மா ஓடும் இன்வெர்ட்டரே கணிசமாகத் தின்னும்.

சோலார்?

வெயில் காலத்தில் அருமை. நமக்குப் புயல் வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில், மேகம் மூடிய நாட்களில். 20 வாட் பேனல் அப்போது தன் கொள்ளளவில் சிறு பகுதியைத்தான் தரும். புயல் கடந்த மூன்றாம் நாள் வெயில் அடிக்கும்போது உதவும். முதல் இரண்டு நாளுக்கு பேட்டரியை நம்புங்கள்.

ஜிபிஎஸ், டிஎம்ஆர் உள்ள புது செட்கள் அதிகம் இழுக்குமா?

ஜிபிஎஸ், ப்ளூடூத், வண்ணத் திரை மூன்றும் இழுக்கும். தேவை இல்லாதபோது அணையுங்கள். ஒரே இடத்தில் இருக்கும்போது ஏபிஆர்எஸ்ஸில் நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் பேச்சு முறை இதற்கு மாறாகச் சிக்கனமானது. ஒரு அலைவரிசையை 30 மில்லிவிநாடித் துண்டுகளாக இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பதால், நீங்கள் பேசும்போது பாதி நேரம்தான் டிரான்ஸ்மிட்டர் இயங்கும். ஆனால் வெள்ள நேரத்தில் எல்லோரிடமும் இருப்பது சாதாரண எஃப்எம். அதைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் முக்கியம்.

பேட்டரிக் குறியின் கடைசிக் கோடு மினுக்குகிறது. இனி என்ன செய்ய?

உடனே குறைந்த பவருக்கு மாறுங்கள். இறங்கிய பேட்டரியில் முழு பவரில் அழுத்தினால் வோல்டேஜ் சரிந்து ரேடியோ அப்படியே அணைந்துவிடும். குறைந்த பவரில் அதே பேட்டரி இன்னும் சில முறை பேசும்.

நெட் நடத்துகிறவரிடம் இரண்டே வாக்கியம் சொல்லுங்கள்: "என் பேட்டரி முடியப்போகிறது. ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் இரண்டு நிமிடம் கேட்பேன், அவசரம் என்றால் மட்டும் பேசுவேன்." அவர் குறித்துக்கொண்டதாகச் சொன்னதும் ரேடியோவை அணைத்து, ஈரம் படாத பைக்குள் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.